'சொல்லிக்கொடுத்தேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்: இன்ஸ்ட்ரக்ட், டீச், டிரெய்ன், கோச், கைடு?

வண்ணை மாலைவகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வசிப்பவள். மண்ணடியில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். அலுவலகக் கடிதம் எழுதும் அளவுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் ஒரே பொருளைத் தருவதுபோல் தோன்றும் நான்கைந்து சொற்களுள் எதை எடுப்பது என்று வரும்போது இன்றும் தடுமாறுகிறேன். அந்தத் தடுமாற்றத்தால் சென்ற ஆண்டு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் தலைமை அலுவலகத்தின் மூத்த அதிகாரி ஒருவர், புதிதாக வந்த ஏற்றுமதிப் படிவம் ஒன்றை எப்படி நிரப்புவது என்று என்னிடம் கேட்டிருந்தார். நான் ஒவ்வொரு கட்டத்துக்கும் விளக்கம் எழுதி, கடைசியில் 'ஐ ஹேவ் இன்ஸ்ட்ரக்டட் யூ ஹவ் டு ஃபில் தி ஃபார்ம்' என்று முடித்தேன். நிரப்பும் முறையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் ஐயா என்று பணிவாகத் தெரிவித்துவிட்டதாகவே நினைத்தேன். அகராதியில் அந்தச் சொல்லுக்குக் 'கற்பி, போதி' என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் அதை எடுத்தேன். டீச் என்பது பள்ளிக்கூடத்துச் சொல்லாகத் தோன்றியதால் அதைத் தவிர்த்தேன். தமக்கு உத்தரவிடும் இடத்தில் நான் இல்லை என்று மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது. நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன்; அவரும் பெருந்தன்மையாக அதை அத்துடன் விட்டுவிட்டார். ஆயினும் நான் செய்த பிழை என்ன என்பதை யாரும் எனக்கு விளக்கவில்லை.

இப்போது ஒரு பயிற்சி நிலையத்தில் ஆவணப் பணிகளைக் கற்பிக்கும் வேலைக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். அதில் மூன்று பணிகளை ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாக எழுத வேண்டும். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பதினான்கு பேருக்கு ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் முதலிய சரக்கு ஆவணங்களைத் தயாரிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளாகக் காசிமேட்டில் மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே படித்து முடித்தவர்கள் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று இன்றும் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழில் மூன்றுக்கும் ஒரே வினை போதுமானதாக இருக்கிறது. ஆங்கிலத்தில் எதற்கு எது பொருந்தும்? பெரியவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மின்ட் பட்டறை எழுதியது:

வணக்கம் அம்மா. நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் பதவிப் பெயரிலேயே இன்ஸ்ட்ரக்டர் என்ற சொல் இருந்தது. நான் பணியாற்றிய நிலையத்தின் பெயரிலோ டிரெய்னிங் என்ற சொல் இருந்தது. கைத்தொழில் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே இந்த இரண்டு சொற்களும் எங்கள் துறையில் அருகருகே வாழ்கின்றன. ஆகவே இவை இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஓரளவு அனுபவித்தே அறிந்திருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த பையனின் கையில் ஓர் இரும்புத் துண்டையும் அரத்தையும் கொடுத்து, துண்டை வைஸில் இந்த உயரத்தில் பிடி, அரத்தை முன்னே தள்ளும்போது அழுத்து, பின்னே இழுக்கும்போது அழுத்தாதே என்று வரிசையாகச் சொல்லுவேன். அது இன்ஸ்ட்ரக்ஷன். சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. அதன் பிறகு அவன் அந்தத் துண்டை நாள்கணக்கில் ராவுவான். செங்கோணம் சரிபார்க்கும் டிரை ஸ்கொயரை விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் இடுக்கில் ஒளி தெரியும், மறுபடியும் ராவுவான். ஒளி தெரியாமல் போகும் வரை நானும் பக்கத்திலேயே நிற்பேன். அது டிரெய்னிங். முதலாவது காதுக்குப் போகிறது. இரண்டாவது கையில் தங்குகிறது. அவரைக் கொடியைப் பந்தலில் ஏற்றிப் படரவிடுவதையும் ஆங்கிலத்தில் டிரெய்ன் என்றே சொல்லுவார்கள். நாயையும் டிரெய்ன் செய்யலாம். ஆனால் கொடியையும் நாயையும் யாரும் இன்ஸ்ட்ரக்ட் செய்ய முடியாது, ஏனெனில் அந்தச் சொல்லுக்கு மொழியைப் புரிந்துகொள்ளும் ஓர் ஆள் எதிரே வேண்டும்.

டிரெய்ன் என்ற சொல்லின் வேர் 'இழுப்பது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துச் செல்லப்படும் பெட்டிகளுக்கும் அதே பெயர்தான் அமைந்தது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட வண்டியின் பெயரும் என் பட்டறையில் பையன்கள் பெற்ற பயிற்சியின் பெயரும் ஒரே வேரில் பிறந்தவை என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. இன்ஸ்ட்ரக்ட் என்பதோ 'அடுக்கிக் கட்டுவது' என்னும் வேரிலிருந்து வந்தது. ஸ்ட்ரக்சர், இன்ஸ்ட்ருமென்ட் ஆகியவை அதன் உறவினர்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இன்ஸ்ட்ரக்ட் என்னும் வினைக்கு இரண்டு முகங்கள் உண்டு. அதன் பின்னால் 'இன்' வந்து ஒரு பாடத்தின் பெயர் வந்தால் கற்பித்தல் என்று பொருள்: 'ஹி இன்ஸ்ட்ரக்டட் அஸ் இன் வெல்டிங்'. அதன் பின்னால் 'டு' வந்து ஒரு செயல் வந்தால் அது கட்டளை: 'ஹி இன்ஸ்ட்ரக்டட் அஸ் டு வெயிட்'. நீங்கள் 'ஹவ் டு' என்று எழுதியது இலக்கணப்படி கற்பித்தலின் பக்கம் சேரும் என்று வாதிடலாம். ஆனால் அலுவலகக் கடிதத்தில், 'யூ' என்று நேராக ஒருவரைச் சுட்டி, அவர் நிரப்ப வேண்டிய படிவத்தைப் பற்றி எழுதும்போது, படிப்பவர் காதில் கட்டளையே முதலில் விழும். ஆகவே அவர் கோபித்துக்கொண்டதில் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. உங்கள் எண்ணத்திலும் பிழை இல்லை.

பெயர்ச்சொல்லிலும் இந்த இரட்டை முகம் தொடர்கிறது. வினாத்தாளின் தலைப்பில் இருக்கும் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் என்ற பன்மை, மீறக்கூடாத குறிப்புகளைச் சொல்லுகிறது. 'மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன்' என்பதில் வரும் ஒருமை, கற்பித்தலைச் சொல்லுகிறது. அதனால்தான் அதைப் 'பயிற்றுமொழி' என்று நம்மவர்கள் மிகச் சரியாகத் தமிழாக்கியிருக்கிறார்கள். யாரும் 'கட்டளைமொழி' என்று எழுதவில்லை.

உங்கள் முதற்பணிக்கு டிரெய்ன் பொருந்தும். புதியவர்கள் உங்கள் பக்கத்தில் அமர்ந்து, செய்து, திருத்தப்பட்டு, பிறகு தனியாகச் செய்தார்கள் அல்லவா? இரண்டாவதற்கு டீச் போதும். அது பள்ளிக்கூடத்துச் சொல் என்று நீங்கள் அதைத் தள்ளியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 'காட்டுவது' என்ற பொருளில் பிறந்த பழைய ஆங்கிலச் சொல் அது. ரேஷன் கடையில் நாம் வாங்கும் டோக்கன் அதற்குத் தங்கை முறை. கோச் என்பது விளையாட்டுக்கு உரியது, உங்களுக்குத் தேவைப்படாது.

பாரிமுனை குமாஸ்தா எழுதியது:

பட்டறை ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் இன்ஸ்ட்ரக்ட் என்ற சொல்லில் அதிகாரம் எப்போதும் அறிந்தவரிடம்தான் இருக்கும் என்று சகோதரி எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். உயர் நீதிமன்றத்தை ஒட்டிய தெருவில் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் தொழிலில் சட்டம் அறிந்த வழக்கறிஞர் கட்சிக்காரரை இன்ஸ்ட்ரக்ட் செய்வதில்லை. கட்சிக்காரர்தான் வழக்கறிஞரை இன்ஸ்ட்ரக்ட் செய்கிறார். வழக்கின் விவரத்தைக் கொடுத்து, இதை நடத்துங்கள், இந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கலாம், இதற்கு மேல் கூடாது என்று சொல்லும் உரிமை அவருக்கே உண்டு. நீதிபதி ஒரு கேள்வி கேட்டு, அதற்கு வழக்கறிஞர், இன்ஸ்ட்ரக்ஷன் பெற்றுச் சொல்லுகிறேன் என்று அவகாசம் கேட்பதை எந்த நாளும் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத மீனவர் ஒருவர் முப்பது ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞருக்கு இன்ஸ்ட்ரக்ஷன் கொடுப்பார். வழக்கறிஞர் அவருக்கு அட்வைஸ் கொடுப்பார். முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் வாயிலிருந்து வருவது இன்ஸ்ட்ரக்ஷன். அறிவு யாரிடம் இருக்கிறதோ அவர் வாயிலிருந்து வருவது அட்வைஸ். சகோதரியின் கடிதத்தில் அறிவு அவரிடமும் உரிமை அந்த அதிகாரியிடமும் இருந்தன என்று கொண்டால், அவர் எழுதியிருக்க வேண்டிய சொல் எந்தப் பக்கத்தது என்பது விளங்கும்.

டியூட்டர் என்ற சொல்லையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 'காப்பவர்' என்ற பொருளில் பிறந்த நல்ல சொல்தான் அது. டியூஷன் என்று நம் தெருக்களில் எழுதி வைத்திருப்பதும் அதே வேர்தான். ஆனால் சாட்சி ஒருவரை டியூட்டர் செய்திருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னால், பொய்யைச் சொல்லிக்கொடுத்து அழைத்து வந்திருக்கிறார்கள் என்று பொருள். குறிப்பாகக் குழந்தைச் சாட்சிகளைப் பற்றிய தீர்ப்புகளில் இந்தச் சொல் அடிக்கடி வரும். தமிழிலும் 'யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறான்' என்று நாம் சொல்லுகிறோம் அல்லவா, அதே நிழல்தான். லீட் என்பதும் அப்படியே. முன்னே நடந்து வழிநடத்துவது நல்ல செயல். ஆனால் விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பதை 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் லீடிங் கேள்வி என்றது. தம் தரப்புச் சாட்சியை முதலில் விசாரிக்கும்போது எதிர்த்தரப்பு மறுத்தால், நீதிமன்ற அனுமதியின்றி அதைக் கேட்கக் கூடாது. விண்ணப்பத்தில் இவை வராது என்றாலும், அகராதியில் ஒரே வரிசையில் நிற்கும் சொற்கள் வெளியே வந்ததும் எவ்வளவு வேறுபட்ட ஆட்களோடு பழகுகின்றன என்பதற்காகச் சொன்னேன்.

வியாசை ஆடுகளம் எழுதியது:

கோச் விளையாட்டுக்கு மட்டும் உரியது என்று பட்டறை ஐயா எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத்தருபவன் என்ற முறையில் அந்தச் சொல்லை எனக்கே வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை வேறு. ஹங்கேரியில் கோச் என்ற பெயருடைய ஊரில் செய்யப்பட்ட குதிரை வண்டியின் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது. 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தேர்வைக் கடக்கத் தங்களைச் சுமந்து செல்லும் தனி ஆசிரியருக்கு அந்த வண்டியின் பெயரை வைத்தார்கள். விளையாட்டுக்கு அது வந்தது அதற்கும் பின்னால், 1860-களில்தான். ஆகவே நம் ஊரில் அரசுத் தேர்வுகளுக்காக நடத்தப்படும் கோச்சிங் சென்டர்களின் பெயர்தான் சொல்லின் மூத்த பொருளுக்கு நெருக்கமானது. ஆடுகளத்துக்கு வந்தது இளைய பொருள்.

கோச் என்ற சொல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட நாள் இருக்கிறது என்பதே என் கருத்து. தேர்வு நாள், போட்டி நாள், நேர்காணல் நாள் என்று ஏதோ ஒன்று வரப்போகிறது. அந்த நாளில் ஆடப்போவது நீங்கள் அல்ல, உங்கள் மாணவர். பி.டி. உஷா 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு நொடியில் பதக்கத்தை இழந்தபோது, அவரை உருவாக்கிய ஓ.எம். நம்பியார் கோட்டுக்கு வெளியேதான் இருக்க முடிந்தது. அடுத்த ஆண்டு துரோணாச்சாரியார் விருது ஏற்படுத்தப்பட்டு, முதலில் அதைப் பெற்றவர்களுள் அவரும் ஒருவரானார். வில்வித்தையின் ஆசானுடைய பெயரைக் கோச்சுகளுக்கான விருதுக்கு வைத்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது, ஏனெனில் அவருடைய மாணவர்களும் கற்றதைக் களத்தில் காட்ட வேண்டியிருந்தது.

சகோதரியின் காசிமேட்டு வகுப்பு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மட்டும் பிள்ளைகளைத் தயார்செய்கிறது என்றால் 'கோச் ஸ்டூடண்ட்ஸ் ஃபார் தி எக்ஸாம்' என்று எழுதலாம். ஆண்டு முழுவதும் கணக்கையே கற்பிக்கிறது என்றால் டீச் தான் உண்மை. எது நடக்கிறது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஆய்வு மாணவி எழுதியது:

சுருக்கமாக ஒன்று. கைடு என்ற சொல்லைச் சகோதரி வெளிநாட்டவர் படிக்கும் விண்ணப்பத்தில் பயன்படுத்தினால் கவனம் தேவை. முனைவர் பட்ட ஆய்வை மேற்பார்வையிடும் பேராசிரியரை நம் பல்கலைக்கழகங்களில் கைடு என்கிறோம். பிரிட்டனில் அவர் சூப்பர்வைசர், அமெரிக்காவில் அட்வைசர். 'மை கைடு' என்று அங்கே சொன்னால் சுற்றுலா அழைத்துச் செல்பவர் என்று எண்ணிக்கொள்வார்கள். டியூஷன் என்றாலும் அமெரிக்கருக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்லூரிக் கட்டணம்தான். மாலை வகுப்பு அன்று.

எண்ணூர்ப் படகு எழுதியது:

எல்லோரும் கற்பித்தலைப் பற்றியே எழுதுகிறீர்கள். சகோதரியின் மூன்றாவது பணி கற்பித்தல் அன்று, வழிகாட்டல். அதைப் பற்றி எழுத எனக்கு ஓரளவு உரிமை இருப்பதாக நினைக்கிறேன், ஏனெனில் என் பிழைப்பே துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட்டைக் கப்பலுக்குக் கொண்டுபோய் ஏற்றி இறக்கும் படகில்தான். இங்கே காமராசர் துறைமுகம், பக்கத்தில் காட்டுப்பள்ளி, தெற்கே சென்னைத் துறைமுகம் என்று மூன்றிலும் நடைமுறை ஒன்றே. வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வெளியே காத்திருக்கும். உள்ளூர் ஆழத்தையும் நீரோட்டத்தையும் அறிந்த பைலட் கயிற்றேணியில் ஏறி மேல்தளத்துக்குப் போவார். அங்கிருந்து துறைமுக மேடையில் கட்டும் வரை அவர் பேச்சுத்தான் நடக்கும். இத்தனை டிகிரி இடப்புறம், எஞ்சினை மெதுவாக்கு என்று அவர் சொல்லுவதைச் சுக்கான் பிடிப்பவர் திருப்பிச் சொல்லிவிட்டு அப்படியே செய்வார். கேட்பவருக்கு அது முழுக்கக் கட்டளையாகவே தோன்றும்.

ஆனால் கப்பலின் பதிவேட்டில் அதை 'மாஸ்டர்ஸ் ஆர்டர்ஸ் அண்ட் பைலட்ஸ் அட்வைஸ்' என்று எழுதுவார்கள். அதாவது ஆணை கேப்டனுடையது, பைலட்டுடையது அறிவுரை. பைலட் சொன்ன திசை தவறு என்று கேப்டனுக்குத் தோன்றினால் அவர் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். கப்பலுக்குப் பொறுப்பு அவரை விட்டு நீங்குவதே இல்லை. பனாமா கால்வாய் இதற்கு விலக்கு. அங்கே பைலட்டே கப்பலை முழுமையாக ஏற்கிறார். மற்ற இடங்களில் எல்லாம் வழி அறிந்தவர் ஒருவர், கப்பலுக்கு உரியவர் வேறொருவர். கைடு என்ற வினையும் இப்படித்தான். 'ஐ கைடட் ஹர் த்ரூ தி அட்மிஷன்' என்றால் அவளோடு கூடவே இருந்து, படிவத்திலிருந்து கட்டணம் செலுத்தும் வரை வழிகாட்டினேன் என்று பொருள். சேர்ந்தது அவள்தான், முடிவும் அவளுடையதுதான். 'ஐ அட்வைஸ்ட் ஹர்' என்றால் கருத்தை மட்டும் சொன்னேன், கூடப் போகவில்லை. 'ஐ டைரக்டட் ஹர்' என்றால் இரண்டில் ஒன்று: கல்லூரி எந்தப் பக்கம் என்று கை நீட்டிக் காட்டினேன், அல்லது சேரும்படி ஆணையிட்டேன். துறைமுகத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டாம் பொருளே வலுவானது. 1908-ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டத்தில் கன்சர்வேட்டர் என்னும் துறைமுக அதிகாரி கொடுத்த டைரக்ஷன் என்றால் கப்பல்காரர் கீழ்ப்படிந்தே ஆக வேண்டிய ஒன்றாக இருந்தது.

மென்டார் என்ற சொல்லையும் யாராவது பரிந்துரைப்பார்கள். கிரேக்கக் கவிஞர் ஓமரின் ஒடிசி காவியத்தில் ஒடிசியஸ் போருக்குப் போகும்போது வீட்டை ஒப்படைத்துச் சென்ற நண்பரின் பெயர் அது. மகனுக்குத் துணை நின்று ஊக்கமூட்டியவள் அவர் உருவில் வந்த அதீனா தேவி. பல ஆண்டுகள் ஒருவருடைய வளர்ச்சியைப் பார்த்துக்கொண்டு, மதிப்பெண் போடாமல், சம்பளம் கொடுக்காமல், கேட்கும்போது கிடைப்பவரை அப்படிச் சொல்லலாம். ஆனால் அதைப் பிறர் நம்மைச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. நாமே எழுதிக்கொள்ளும்போது சற்று மிகையாகத் தோன்றுகிறது. பட்டறை ஐயா மறுப்பாரோ தெரியவில்லை.

மின்ட் பட்டறை எழுதியது:

கோச் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், தம்பிக்கு நன்றி. மென்டார் பற்றி மட்டும் மறுக்கிறேன். இப்போது நிறுவனங்களே விண்ணப்பத்தில் அந்தச் சொல்லைக் கேட்கின்றன. ஆறு ஆண்டு தொடர்ந்து செய்பவர் தயங்க வேண்டியதில்லை.

வண்ணை மாலைவகுப்பு எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இத்தனை நாள் அகராதியில் சொல்லின் பொருளை மட்டும் பார்த்துவந்தேன். அதன் பின்னால் என்ன வருகிறது, முடிவு யாருடையது என்று பார்த்ததே இல்லை. வியாசர்பாடிச் சகோதரர் கேட்டதற்கு விடை: ஜூன் மாதத்திலிருந்தே வகுப்பு நடக்கிறது, பெருக்கல் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைகளும் வருகிறார்கள், ஆகவே டீச் என்றே எழுதுகிறேன். எழுதிய வரிகளைப் பாருங்கள்.

'ஐ டிரெய்ண்ட் இன் எக்ஸ்போர்ட் டாகுமென்டேஷன் ஃபோர்டீன் நியூ ஸ்டாஃப்.'
'ஐ டீச் மேத்ஸ் அண்ட் இங்கிலீஷ் டு டென்த் ஸ்டாண்டர்ட் ஸ்டூடண்ட்ஸ் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்.'
'ஐ கிவ் அட்வைசஸ் அண்ட் கைடன்சஸ் டு ஃபார்மர் ஸ்டூடண்ட்ஸ்.'

பழைய கடிதத்தின் கடைசி வரியை இப்படி எழுதியிருக்கலாமா என்றும் சொல்லுங்கள்: 'ஐ ஹேவ் எக்ஸ்ப்ளெய்ன்ட் யூ தி ஃபார்ம்.'

மின்ட் பட்டறை எழுதியது:

முதல் வரியில் சொற்களின் வரிசையை மாற்றுங்கள் அம்மா. 'ஐ டிரெய்ண்ட் இன்' என்று தொடங்கினால் நான் பயிற்சி பெற்றேன் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். டிரெய்ன் என்ற வினைக்குப் பின்னால் ஆள் வந்தால்தான் அது பயிற்சி கொடுத்தது. ஆள் வராவிட்டால் பயிற்சி பெற்றது. இதனால் நல்ல அனுபவமுள்ளவர்கள் பயிற்சி பெற்றவர்களாகவே தெரிந்துவிடுகிறார்கள். ஆகவே 'ஐ டிரெய்ண்ட் ஃபோர்டீன் நியூ ஸ்டாஃப்' என்று ஆளை முன்னே வையுங்கள். இரண்டாவதில் ஆறு ஆண்டுகளாகத் தொடர்வதால் 'ஐ ஹேவ் டாட்' என்று தொடங்க வேண்டும். மூன்றாவதில் அட்வைஸ், கைடன்ஸ் இரண்டுக்கும் பன்மை இல்லை. வங்கி அனுப்பும் பணவரவு அறிவிப்பை அட்வைஸ் என்று எண்ணிச் சொல்லுவது வேறு வழக்கு. எண்ணூர்ச் சகோதரர் சொன்னபடி வினையாகவே எழுதிவிடுங்கள்: 'ஐ அட்வைஸ் ஃபார்மர் ஸ்டூடண்ட்ஸ் ஆன் காலேஜ் கோர்சஸ்'. வினைக்கும் பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபாடு உண்டு. பெயரில் 'சி', வினையில் 'எஸ்'.

கடைசி வரிதான் மிக முக்கியம், ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் செய்யும் பிழை அது. தமிழில் 'உங்களுக்குக் கற்பித்தேன்', 'உங்களுக்குக் காட்டினேன்', 'உங்களுக்கு விளக்கினேன்' என்று மூன்றுக்கும் நான்காம் வேற்றுமையே வருகிறது. ஆங்கிலத்தில் டீச், ஷோ இரண்டும் ஆளை நேரடியாக ஏற்கும்: 'டீச் யூ', 'ஷோ யூ'. எக்ஸ்ப்ளெய்ன் மட்டும் ஏற்காது. அதற்குப் பின்னால் விளக்கப்படும் பொருளே வர வேண்டும். ஆள் 'டு' என்பதோடுதான் வருவார். ஆகவே 'ஐ ஹேவ் எக்ஸ்ப்ளெய்ன்ட் தி ஃபார்ம் டு யூ' என்று சொல்லலாம். ஆனால் மேலதிகாரிக்கு எழுதும்போது 'யூ' என்பதையே விட்டுவிட்டு, 'ஐ ஹேவ் எக்ஸ்ப்ளெய்ன்ட் ஈச் காலம் பிலோ' என்று எழுதினால் போதும். விளக்கம் படிவத்தின் மேல் இருக்கும், அவர் மேல் இருக்காது.

வண்ணை மாலைவகுப்பு எழுதியது:

மூன்று வரிகளையும் ஐயா திருத்தியபடியே எழுதி இன்று காலை விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். மென்டார் என்று எழுதவில்லை. பிள்ளைகள் யாராவது ஒரு நாள் சொன்னால் மகிழ்வேன். நேற்று மாலை வகுப்பில் கட்டுரை நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். பதினேழு நோட்டுகளில் ஆறில் 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்று எழுதியிருந்தது. அவற்றுள் இரண்டை நானே சரி என்று குறியிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இன்று அந்த ஆறு பேரையும் முன்வரிசையில் உட்கார வைத்து, டீச், ஷோ, எக்ஸ்ப்ளெய்ன் மூன்றையும் கரும்பலகையில் எழுதி, எதன் பின்னால் ஆள் வருகிறார், எதன் பின்னால் பொருள் வருகிறது என்று தொடங்கப் போகிறேன்.